துண்டு முனையில் இரண்டு பற்கள்

என் பெயர் மண்ணாங்கட்டி. சிரிக்கிறவர்கள் சிரித்து முடித்துவிட்டு வாருங்கள், காத்திருக்கிறேன். அக்கா பூமாலைக்குப் பிறகு பிறந்த மூன்றும் தங்கவில்லை. நாலாவதையாவது எமன் திரும்பிப் பார்க்காமல் போகட்டும் என்று என் அம்மா இப்படி ஒரு பெயரை வைத்தாள். எமன் வரவில்லை. அவனுக்குப் பதிலாக முன்கோபம் வந்து மூக்கு நுனியில் உட்கார்ந்துகொண்டது. இன்றுவரை இறங்கவில்லை.

நான் சொல்ல வந்தது என்னைப் பற்றியல்ல, அக்கா புருஷன் விருத்தாசலத்தைப் பற்றி. எங்கள் ஊர் கிளியனூருக்குக் கிழக்கே இருக்கிறது. பெயர் வேண்டாம். அங்கே இன்னும் உறவுக்காரர்கள் இருக்கிறார்கள், அவர்கள் நிம்மதியாக இருந்துவிட்டுப் போகட்டும்.

மாமாவுக்குச் சொந்தமாக ஒரு சாண் நிலம் கிடையாது. சுப்பராயலு என்கிற பெரிய விவசாயியிடம் ஏர் ஓட்டுவார், கிணற்றில் மாடு பூட்டிக் கவலை இறைப்பார், மல்லாட்டை என்கிற நிலக்கடலை பிடுங்குவார், வண்டி ஓட்டுவார். அதிர்ந்து பேசமாட்டார். நாலு வார்த்தை பேசவேண்டிய இடத்தில் ஒன்று பேசி மூன்றை மிச்சம் பிடிப்பார். நானோ ஒன்று பேசவேண்டிய இடத்தில் நாற்பது பேசுகிறவன். எங்கள் இருவரையும் ஒரே வீட்டில் வைத்துச் சோறு போட்ட என் அக்காவுக்குத்தான் கோயில் கட்டவேண்டும்.

அந்த மனிதரிடம் ஒரே ஒரு சொத்து இருந்தது. தேள்கடிக்கு மந்திரிப்பார்.

அவருடைய அப்பாவிடமிருந்து வந்த மந்திரம் அது. அதோடு கூடவே கட்டுப்பாடுகளும் வந்தன. காசு வாங்கக்கூடாது. வெற்றிலைகூட வாங்கக்கூடாது. சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் கூப்பிட்ட உடனே எழுந்து போகவேண்டும். நண்டு தின்னக்கூடாது, ஏனென்றால் அதற்கும் தேளைப் போலக் கொடுக்கு இருக்கிறது. மாமாவுக்கு நண்டு என்றால் உயிர். கோட்டக்குப்பத்திலிருந்து கடல் நண்டு கூடையில் வரும்போது அவர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு நடப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

இன்னொரு கட்டுப்பாடுதான் முக்கியமானது. வேப்பிலைக் கொத்தைக் கையில் எடுத்ததிலிருந்து மந்திரித்து முடித்துக் கீழே போடுகிறவரை, மந்திரிக்கிறவன் யாருக்கும் குனியக்கூடாது. தோளில் கிடக்கும் துண்டை எடுக்கக்கூடாது. எடுத்தால் விஷம் தலைக்கு ஏறிவிடும்.

இதைக் கேட்டால் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு என்ன புரியும்? எங்கள் சேரி ஆள் எவனும் ஊர்த்தெருவுக்குள் நுழையும்போது தோள் துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொள்ள வேண்டும். என் அப்பா இடுக்கினார், தாத்தா இடுக்கினார். ஆனால் தேள் கொட்டிவிட்டால் ஊர்த்தெரு ஆள் சேரி வாசலில் வந்து நிற்பான். மாமா வேப்பிலையை ஒடித்துக்கொண்டு, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, நடுத்தெருவில் நிமிர்ந்து நடப்பார். உட்கார்ந்திருக்கிறவர்கள் எழுந்து வழிவிடுவார்கள். சுப்பராயலு வீட்டு முற்றம்வரை அப்படியே போவார். மந்திரித்து முடித்து இலையைப் போட்டதும் துண்டு கக்கத்துக்கு வந்துவிடும். போகும்போது ராஜா, திரும்பும்போது கூலி. வருஷத்துக்கு ஏழெட்டுத் தடவை நடக்கும். அவருடைய சொத்து என்று நான் சொன்னது அந்த ஏழெட்டு நடையைத்தான்.

மந்திரிக்கிறவனுக்குப் பல் முழுசாக இருக்கவேண்டும் என்பதும் எங்கள் பக்கத்து நம்பிக்கை. பல்லு போனால் சொல்லு போச்சு. முன்பல் விழுந்தவன் வாயிலிருந்து எழுத்து உடைந்து வரும், உடைந்த எழுத்துக்கு விஷம் இறங்காது. அந்தக் காலத்தில் ஒருவன் சூனியம் வைக்கிறான் என்று சந்தேகம் வந்தால், அவனைப் பிடித்து முன்பல்லைத் தட்டிவிடுவார்களாம். அத்தோடு அவன் மந்திரம் முடிந்தது.

முப்பத்தெட்டாம் வருஷம், ஆவணி மாதம். கவலை இறைக்கும்போது மாடு தலையைச் சிலுப்பியதில் கொம்பு மாமாவின் வாயில் பட்டது. மேல் வரிசையில் முன்பல் இரண்டும் ஆடிப்போயின. அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லுகிற ஆளா அவர்? கிராம்பை வைத்து அடக்கினார். எருக்கம்பால் வைத்து உதட்டைப் புண்ணாக்கிக்கொண்டார். கண்டங்கத்திரி விதையைச் சட்டியில் போட்டுப் புகை பிடித்தார். ஒரு மாதம் இப்படியே ஓட்டினார்.

நான் அப்போது விழுப்புரம் ஜங்ஷன் லோகோ ஷெட்டில் கரி வாரிக்கொண்டிருந்தேன். திண்டிவனம் மிஷன் பள்ளிக்கூடத்தில் நாலு வகுப்பு படித்தவன் என்பதால் எனக்கு எல்லாம் தெரியும் என்ற திமிர் வேறு. புரட்டாசியில் ஊருக்குப் போனேன். மாமா வீட்டுக்குள் சுருண்டு கிடந்தார். மேலுதடு வீங்கி மூக்கோடு ஒட்டியிருந்தது, ஒரு பக்கத்துக் கண் பாதி மூடியிருந்தது. உடம்பு அனலாகக் கொதித்தது.

"அஞ்சு நாளாக் கூழுதான் எறங்குது," என்றாள் அக்கா. "பல்ல எடுத்துடலாம்னா முடியாதுங்கிறாரு. நீயாவது சொல்லுடா."

எனக்கு வந்த கோபத்தில் அவரை அப்படியே தூக்கி வண்டியில் போட்டிருப்பேன். "ஏன் மாமா, அக்கா தாலிய அறுத்துட்டு மந்திரம் சொல்லப் போறீங்களா? செத்தவன் வாயில பல்லு இருந்தா என்னா, சொல்லு இருந்தா என்னா?"

அவர் என்னைப் பார்த்தார். வீங்கிய வாயைப் பொத்திக்கொண்டு, "உனக்குத் தெரியாது மச்சான்," என்றார். எனக்கா தெரியாது என்று இன்னும் ரெண்டு கத்து கத்தினேன். கடைசியில் என் கத்தலுக்குப் பயந்து அல்ல, அக்கா அழுகிறாளே என்றுதான் எழுந்து உட்கார்ந்தார்.

திண்டிவனத்தில் ரயில் ஏறி விழுப்புரத்தில் இறங்கினோம். பல்லுக்கென்று தனியாக ஒரு டாக்டர் ஸ்டேஷனுக்கு எதிரே கடை வைத்திருந்தார். சீனாக்காரர். மெட்ராஸில் பல வருஷம் இருந்ததால் தமிழ் தண்ணீர்பட்ட பாடு. கடை முகப்பில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு முழு வரிசைப் பல் ஆளில்லாமல் சிரித்துக்கொண்டிருக்கும். அதைப் பார்த்ததும் மாமா வாசலிலேயே நின்றுவிட்டார். முதுகில் கை வைத்து உள்ளே தள்ளினேன்.

டாக்டர் உதட்டைத் தூக்கிப் பார்த்தார். ஒரு சின்னக் கம்பியால் தட்டினார். மாமாவின் கால்விரல்கள் பத்தும் மடங்கின.

"ரெண்டும் வேர்ல அழுகிப்போச்சுப்பா. சீழு மேல ஏறிக்கினு இருக்குது. இன்னும் நாலு நாள் விட்டா கண்ணு போகும். அதுக்கு மேல விட்டா ஆளே போயிடுவே."

"ஒண்ண மட்டும் எடுங்க சாமி," என்றார் மாமா. "ஒண்ணு இருந்தாக்கூட சொல்லு நிக்கும்."

"என்னா சொல்லு?"

நான் புகுந்தேன். தேள் மந்திரத்தைப் பற்றியும் பல்லைப் பற்றியும் ஒரு கிண்டலோடு எடுத்துச் சொன்னேன். படித்தவர்கள் நாம் இரண்டு பேரும் சேர்ந்து சிரிப்போம் என்று நினைத்தேன். டாக்டர் சிரிக்கவில்லை. கையிலிருந்த கம்பியைத் தட்டில் வைத்தார்.

"அதச் சொல்றதுக்கு எவ்ளோ நேரம் ஆவும்?" என்று மாமாவைக் கேட்டார்.

"ஒரு வெத்தல போடற நேரங்க."

"பின்னால ஒரு வேப்பமரம் இருக்குது. போய் ஒருவாட்டி முழுசாச் சொல்லிட்டு வா. நான் அதுக்குள்ள ஊசியக் கொதிக்க வைக்கிறேன்."

மாமா போனார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் ஒரு கொத்து ஒடித்தார். எதிரே ஆள் இல்லை, தேள் கொட்டின கால் இல்லை. வேப்பமரத்தின் அடியையே ஆளாக வைத்துக்கொண்டு, மேலிருந்து கீழே, மேலிருந்து கீழே தடவினார். வீங்கிய உதடு அசைந்தது. துண்டு தோளில்தான் இருந்தது. ஜங்ஷனில் என்ஜின் ஒன்று ஊதியது, அவர் திரும்பவில்லை. முடித்துவிட்டு இலையைக் கீழே போட்டார். போட்ட கையோடு துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கினார். அங்கே அவரைத் தவிர ஒருவருமில்லை. யாருக்காக இடுக்கினார்?

அதுவரை நான் பேசின பேச்செல்லாம் வாய்க்குள் கசந்தது. நான்தானே இழுத்துக்கொண்டு வந்தேன்.

அவர் வந்து நாற்காலியில் உட்கார்ந்து, சொல்லாமலேயே வாயைத் திறந்தார். மரத்துப்போகிற ஊசி இரண்டு இடத்தில் போட்டார் டாக்டர். கொஞ்ச நேரம் கழித்துப் பல் பிடுங்குகிற இடுக்கியை எடுத்தார். சீழ் பிடித்த இடத்தில் ஊசி அவ்வளவாக வேலை செய்யாது என்று பிறகுதான் சொன்னார். முதல் பல் சுலபமாக வந்தது. இரண்டாவது பிடிவாதம் பிடித்தது. டாக்டர் ஒரு காலை நாற்காலிக் கட்டையில் ஊன்றிக்கொண்டு அசைத்தார். பச்சை மூங்கில் முறிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. மாமாவின் கண்ணிலிருந்து தண்ணீர் காதுவரை ஓடியது. ஒரு முனகல்கூட இல்லை. நான்தான் "ஐயோ, மெதுவா" என்று கத்தினேன். டாக்டர் என்னை வெளியே போகச் சொன்னார், நான் போகவில்லை.

மாமா பீங்கான் கிண்ணியில் ரத்தமும் சீழுமாகத் துப்பினார். ரோஸ் நிறத் தண்ணீரில் கொப்பளித்தார். பஞ்சை வைத்து அழுத்திய பிறகு, கையை நீட்டிப் பல்லைக் கேட்டார். மந்திரிக்கிறவன் பல் வேறு ஆள் கையில் இருக்கக்கூடாதாம். டாக்டர் இரண்டையும் கழுவிக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். மாமா அதைத் துண்டின் முனையில் வைத்து முடிந்துகொண்டார்.

மூன்று நாள் என் குடிசையில் வைத்திருந்து, வீக்கம் வடிந்ததும் ஊருக்குக் கூட்டிப்போனேன். ரயிலில் நான் ஒரு யோசனை சொன்னேன். குற்ற உணர்ச்சி உள்ளவனுக்குத்தான் புத்தி குறுக்கே பாயும்.

"மாமா, ஊர்த்தெருவுல இது யாருக்கும் தெரியாது. நீங்க மந்திரத்த வாய்க்குள்ளதான முணுமுணுக்கிறீங்க. பாட்டா பாடறீங்க? மீசையத் தொங்க விட்டுக்கினு, வாயத் தொறக்காம இருங்க. பொழுது போனா தேள்கடி தானா எறங்கிடப் போவுது. யாருக்கு என்னா தெரியும்?"

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். மயிலம் தாண்டியும் பதில் இல்லை. புண் ஆறாத வாய் என்று நானும் விட்டுவிட்டேன்.

மறுநாள் மத்தியானம். நான் கூழ் குடித்துக்கொண்டிருந்தேன். சுப்பராயலு வீட்டுக் காரியக்காரன் கண்ணையன் சேரி வாசலில் வந்து நின்றான். "விருத்தாசலம், ஜல்தியா வா. அம்மாவுக்குத் தேளு கொட்டிடுச்சி. வரட்டி எடுக்கப் போனாங்க. துடிக்கிறாங்க."

அம்மா என்றது சுப்பராயலுவின் மனைவி கெங்கம்மாளை. மாமா எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டார். வேப்பமரத்தடிக்குப் போனார், கை கிளைவரை போயிற்று. நான் மனசுக்குள் ஒடி, ஒடி என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் கையைக் கீழே இறக்கிவிட்டார். இலை இல்லாமல் நடக்க ஆரம்பித்தார். துண்டு தோளிலேயே இருந்தது.

நானும் பின்னால் ஓடினேன், என் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு. வீறாப்பு பேசுகிறவன்தான் நான், ஊர்த்தெரு முனை வந்ததும் கை தானாகப் போய்விட்டது. தெருவில் வழக்கம்போல வழிவிட்டார்கள். அவர் கையில் இலை இல்லாததை யாரும் கவனிக்கவில்லை.

சுப்பராயலு வாசலில் நின்றார். உள்ளே கெங்கம்மாள் அலறுவது கேட்டது. மாமா முற்றத்துக்குள் போகவில்லை, வாசலிலேயே நின்றார்.

"என்னால ஆவாதுங்க. பல்லு போயிடுச்சி. இனிமே சொன்னாப் பலிக்காதுங்க. வண்டியக் கட்டி திண்டிவனம் ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போயிடுங்க."

வார்த்தைகள் காற்றோடு காற்றாகத்தான் வந்தன. சுப்பராயலுவுக்கு முகம் சிவந்தது. "நேரம் பாத்துப் பழி வாங்கறியா? போன மாசம் நெல்லு கேட்டு இல்லேன்னதுக்கா?"

மாமா துண்டை எடுத்தார். முனையில் இருந்த முடிச்சை அவிழ்த்துக் காகிதத்தை விரித்துக் காட்டினார். இரண்டு பல், வேரோடு. சுப்பராயலு குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் பார்வை பல்லில் இல்லை, மாமாவின் தோளில் இருந்தது.

"பல்லு இல்ல, எலை இல்ல, மந்திரம் இல்ல. அப்பறம் எதுக்குடா துண்டத் தோள்ல போட்டுக்கினு என் வாசல்வரைக்கும் வந்தே?"

தெருவில் பத்துப் பேர் கூடியிருந்தார்கள். இந்த ஒரு கேள்வி வந்துவிடக்கூடாது என்றுதானே அவர் ஒரு மாதம் அந்த வலியைத் தாங்கினார் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. மாமா, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்துவிடுங்கள் என்று மனசுக்குள் கெஞ்சினேன். ஆமாம், அந்த வீராதி வீரன் மண்ணாங்கட்டி அப்படித்தான் கெஞ்சினான்.

மாமா அவசரப்படவில்லை. பல்லைக் காகிதத்தில் மடித்தார். துண்டு முனையில் வைத்து முடிந்தார். பிறகு துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"பல்லுதாங்க போச்சி," என்றார். "தோளு அப்பிடியேதான் இருக்குது."

சுப்பராயலு ஒரு அடி முன்னால் வந்தார். என்ன நடந்திருக்குமோ எனக்குத் தெரியாது. அதற்குள் உள்ளேயிருந்து கெங்கம்மாள் போட்ட சத்தம் தெரு முழுக்கக் கேட்டது. "நான் இங்க செத்துக்கினு இருக்கறேன், உனக்கு அவன் துண்டு கேக்குதா? வண்டியக் கட்டச் சொல்லுய்யா."

கண்ணையனுக்கு வண்டி ஓட்ட வராது. சுப்பராயலுவின் மாடுகள் இரண்டும் மாமா கைக்குத்தான் கட்டுப்படும். அவரே பூட்டினார், அவரே ஏறி உட்கார்ந்தார். கெங்கம்மாளைப் படுக்க வைத்து, சுப்பராயலு பக்கத்தில் உட்கார்ந்தார். வண்டி ஊர்த்தெரு முழுக்கப் போயிற்று. முன்னால் துண்டோடு மாமா, பின்னால் வாயைத் திறக்காமல் சுப்பராயலு. அந்தக் காட்சியை இன்றைக்கும் கண்ணை மூடினால் பார்ப்பேன். திண்டிவனத்தில் ஊசி போட்டார்கள், பொழுது சாய வலி இறங்கிவிட்டது.

அதற்குப் பிறகு சுப்பராயலு மாமாவை வேலைக்குக் கூப்பிடவில்லை. சேரிப் பெரியவர்களே வந்து திட்டினார்கள். "உன்னால எங்களுக்கும் பேஜாரு," என்றார் ஒருவர். என் அக்கா கேப்பைக் கூழை நாளுக்கு நாள் தண்ணீராக்கினாள். ஐப்பசியில் மழை இறங்கியது. மல்லாட்டையைப் பிடுங்காமல் விட்டால் மண்ணுக்குள்ளேயே முளைத்துவிடும். வேறு வழியில்லாமல் கண்ணையன் வந்து எல்லார் பெயரையும் கூப்பிட்டான், மாமா பெயரையும் சேர்த்து. அவர் தோளில் துண்டோடுதான் போனார். சுப்பராயலு பார்த்தார், முகத்தைத் திருப்பிக்கொண்டார். அடுத்த வாரம் பூமிநாதன் என்கிற பையனும் துண்டை எடுக்காமல் தெருவில் நடந்தான். அவன் அடி வாங்கினான். அடி வாங்கிய பிறகும் எடுக்கவில்லை.

அடுத்த தடவை நான் ஊருக்குப் போனபோது அக்கா நண்டு ஆக்கியிருந்தாள். இருபது வருஷம் கழித்து மாமா நண்டு தின்கிறார், முன்பல் இல்லாமல் கடைவாயில் ஒதுக்கி ஒதுக்கி. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

"மாமா, நான் சொன்ன மாதிரி வாயத் தொறக்காம மந்திரிச்சிருந்தா இவ்ளோ கஷ்டம் உண்டா? துண்டும் தோள்லயே இருந்திருக்கும்," என்றேன்.

அவர் நண்டு ஓட்டைத் துப்பிவிட்டுக் கையைக் கழுவினார். அபூர்வமாக நாலு வார்த்தையும் பேசினார்.

"இருந்திருக்கும் மச்சான். ஆனா அது அவங்க துண்டா இருந்திருக்கும்."

அன்று சாயங்காலம் ரயிலுக்குக் கிளம்பியபோது, ஊர்த்தெரு முனையில் என் கை பழக்கத்தில் துண்டுக்குப் போயிற்று. அங்கேயே கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு கையை இறக்கிக்கொண்டு தெருவுக்குள் நடந்தேன்.